மாணாக்கராய் அமர்ந்த போதகர்கள்

சமயங்கள் யாவும் பணிவைப் போற்றுகின்றன. அடக்கமுடைமைக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர் நூலைப் பயிலும் தமிழருக்கு இது புதுச் செய்தியன்று. ஆயினும், தாழ்மை என்பது மனிதன் முயன்று ஈட்டும் செல்வமா, அன்றித் தன் கை வெறுங்கை என்பதை உணர்ந்தவனிடம் தானே தோன்றும் நிலையா? இறைவனருள் நற்செயலுக்குக் கிடைக்கும் கூலியா, அன்றி விலையில்லாக் கொடையா? இவ்வினாக்கள் ஐரோப்பியத் திருச்சபையையே இருகூறாக்கின. அவற்றை எழுப்பியவர் ஜேர்மனிய தேசத்துத் துறவியாகிய மார்ட்டின் லூதர். அவர் கண்ட விடை, இருநூறு ஆண்டுகளின் பின்னர் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டு சோழமண்டலக் கரையை வந்தடைந்தது.

லூதர் 1483ஆம் ஆண்டில் ஐஸ்லேபன் என்னும் ஊரிற் பிறந்தவர். 1505இல் ஏர்பர்ட் நகரத்து அகுஸ்தீனியத் துறவியர் மடத்திற் சேர்ந்தார். நோன்பு, விழிப்பு, செபம், பாவசங்கீர்த்தனம் ஆகிய எதிலும் அவர் குறைவைக்கவில்லை. ஆயினும் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. எவ்வளவு செய்தாலும் போதுமா என்னும் அச்சம் அவரை வாட்டிற்று. பின்னர் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமம் கற்பிக்கும் பேராசிரியரானார். அங்குச் சங்கீதங்களையும், பவுல் அடிகள் றோமருக்கு எழுதிய நிருபத்தையும் மாணவருக்கு விளக்கும் பணி அவருக்குக் கிடைத்தது.

அந்த நிருபத்தின் முதலதிகாரத்தில் வரும் ‘தேவநீதி’ என்னுஞ் சொல் அவரை நெடுங்காலம் அச்சுறுத்திற்று. நீதி என்பது குற்றவாளியைத் தண்டிக்கும் நீதியென்றே அவர் கொண்டிருந்தார். இரவும் பகலும் அச்சொல்லோடு போராடிய பின்னரே, அது இறைவன் மனிதனிடம் கேட்கும் நீதியன்று, மனிதனுக்குக் கொடையாக அளிக்கும் நீதி என்று தெளிந்தார். அதனைப் பெற்றுக்கொள்ளும் கையே விசுவாசம். இத்தெளிவு பிறந்த கதையை அவர் 1545இல் தம் இலத்தீன் நூற்றொகுதியின் முன்னுரையில் எழுதிவைத்தார். 1517 ஒக்டோபர் 31ஆந் தேதி பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து அவர் வெளியிட்ட 95 வாதங்களின் பின்னணியில் நின்றதும் இந்த வினாவே. அருளைக் காசு கொடுத்து வாங்கலாமெனின், அது அருளாகுமா?

தாழ்மையைப் பற்றிய அவர் கருத்தும் இவ்வூற்றினின்றே பிறந்தது. மரியாளின் புகழ்ப்பாடலுக்கு 1521இல் அவர் ஓர் உரை எழுதினார். அப்பாடலில் வரும் இலத்தீன் சொல்லை ‘பணிவு என்னும் நற்குணம்’ என்று பலர் பொருள் கொண்டிருந்தனர். லூதரோ, அது குணத்தையன்று, உலகம் பொருட்படுத்தாத தாழ்ந்த நிலையையே குறிக்கும் என்றார். தன் பணிவைக் கண்டு இறைவன் மகிழ்ந்தான் என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லிலேயே செருக்குப் புகுந்துவிடுகிறது. மெய்யான தாழ்மை, தான் தாழ்மையுடையதென்பதை அறியாது என்பது அவர் துணிபு. தமிழில் ‘தாழ்மை’ என்னும் ஒரு சொல்லே தாழ்ந்த நிலைக்கும் பணிவுக்கும் பொருந்தி வருதல் இங்கு எண்ணத்தக்கது.

இக்கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. 1528ஆம் ஆண்டளவில் சக்சனி நாட்டுக் கிராமத் திருச்சபைகளைப் பார்வையிட்ட லூதர், பாமர மக்களும் குருமார் பலரும் சமயத்தின் அரிச்சுவடியையே அறியாதிருத்தலைக் கண்டு வருந்தினார். அடுத்த ஆண்டிலேயே சிறிய ஞானோபதேச நூலொன்றை வினாவிடையாக வெளியிட்டார். வேதசாத்திரப் பண்டிதராகிய தாமும் அப்பாடங்களை நாள்தோறும் சிறுபிள்ளைபோல் ஓதி வருவதாக அவர் எழுதினார். பிரசங்கஞ் செய்யும்போதும், கோவிலில் அமர்ந்திருந்த கல்விமான்களை நோக்காது, சிறுவருக்கும் பணிப்பெண்களுக்கும் விளங்குமாறு பேசுவதையே அவர் விரும்பினார்.

எனினும், தாழ்மையைப் போதித்தவர் எப்பொழுதும் தாழ்மையாளராய் இருந்தாரல்லர். 1525இல் குடியானவர் கிளர்ச்சி எழுந்தபோது அவர்களை ஈவிரக்கமின்றி ஒடுக்கும்படி அவர் எழுதியதும், 1543இல் யூதரைப் பற்றி எழுதிய கொடுஞ்சொற்களும் அவர் புகழில் நீங்காத கறைகள். பிற்காலத்தில் அச்சொற்களாற் பெருந்தீங்கு விளைந்தது. 1546இல் அவர் இறந்தபோது கிடைத்த கடைசிக் குறிப்பு, மனிதர் யாவரும் இரவலரே என்னும் பொருளுடையது. அவர் போதனையின் சாரமும், அவர்மீதே சொல்லத்தக்க தீர்ப்பும் அதில் அடங்கும்.

லூதரின் வழிவந்த போதனையைத் தமிழ் மண்ணுக்குக் கொணர்ந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். 1682இற் பிறந்த இவரும் சக்சனி நாட்டவரே. டென்மார்க் மன்னர் நாலாம் பிரெடெரிக் அனுப்ப, புளுட்ஷோ என்பவரோடு 1706 யூலை 9ஆந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இருவருக்கும் தமிழ் தெரியாது. கற்க ஏற்ற இலக்கண நூலும் கையில் இல்லை. ஆகவே அவ்வூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி வேண்டிக்கொண்டனர். சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினர். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கராயினர்.

1708இல் சீகன்பால்க் தாம் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை வரைந்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அவ்வாண்டு ஒக்டோபரிற் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடிக் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி நான்கு மாதஞ் சிறையில் இருந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு நிறைவேறிற்று. 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்திற் பதிப்பிக்கப்பட்டது. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் விரிவாக எழுதி 1713இல் ஐரோப்பாவுக்கு அனுப்பிய நூலுக்கு வேறு கதி நேர்ந்தது. மிஷனரிமாரின் வேலை அச்சமயத்தை அழித்தலேயன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதலன்று என்று ஹாலே நகரத்து மேலோர் ஒதுக்கிவிட்டனர். 1867இலேயே அந்நூல் அச்சேறிற்று. மணலில் அமர்ந்து கற்றவரின் பணிவு, தொலைவில் நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. சீகன்பால்க் 1719இல், முப்பத்தாறு வயதிற் காலமானார்.

அவர் அச்சிட்ட நூலுக்கு வாசகர் கிடைத்தனர். தஞ்சாவூர்ப் படையில் வீரராயிருந்த இராஜநாயக்கன் என்பவர் அச்சுப்பிரதி ஒன்றைப் படித்து, லூத்தரன் சபையிற் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். 1733இல் ஆரோன் என்பவர் முதலாவது தமிழ் லூத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த இராஜநாயக்கனுக்கோ குருப்பட்டம் வழங்கப்படவில்லை. அவர் கையாற் திருவிருந்து பெறுவதற்கு உயர்குலத்தோர் இசையார் என்று மிஷனரிமார் அஞ்சினர். அருளுக்கு முன் யாவரும் வெறுங்கையர் என்று பிரசங்க பீடத்தினின்று முழங்கிய சபை, பந்தி விரிக்கும் வேளையிற் குலம் கேட்டது. அன்று தாழ்ந்து அமர வேண்டியிருந்தவர் இராஜநாயக்கன் அல்லர். அவருக்கு முன் அமர மறுத்தவர்களே.

அந்தப் பாடத்தைச் சபை மெல்லவே கற்றது. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது. அதன் ஆயர் பதவியில் சுவீடன் நாட்டவரே முதலில் இருந்தனர். 1956இல் இராஜா மாணிக்கம் அப்பதவியேற்ற முதல் இந்தியரானார். சீகன்பால்க் கரையிறங்கி அப்பொழுது 250 ஆண்டுகள் சென்றிருந்தன. ஐரோப்பாவிலும் பழைய பிளவு சிறிது ஆறிற்று. 1999 ஒக்டோபர் 31ஆந் தேதி, ஆக்ஸ்பேர்க் நகரில், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கிருபையால் நீதிமானாதல் பற்றிய கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. ஒருவரையொருவர் சபித்த இரு சபைகள் ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுக்க 482 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அருள், விசுவாசம், தாழ்மை ஆகிய மூன்றையும் லூத்தரன் போதகர் ஒரே தொடராகவே எடுத்துரைத்தனர். அருள் கொடையாகில், அதை ஏற்கும் கை வெறுங்கையாயிருத்தல் வேண்டும். வெறுங்கையரிடையே மேலோர் கீழோர் என்னும் வேற்றுமைக்கு இடமில்லை. இதனைச் சொல்லுதல் எளிது. சொன்னவர்களே பன்முறை தவறினர் என்பதற்கு வரலாறு சான்று. ஆயினும் ஒரு பண்டிதர் சிறுபிள்ளைபோல் நாள்தோறும் பாடம் ஓதியதும், ஒரு போதகர் தமிழ்ச் சிறுவரோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பழகியதும் அதே வரலாற்றில் உள்ளனவே. அப்போதனை எங்கே உயிர்பெற்றது, எங்கே வாடிற்று என்பதை அறிய விரும்பும் நேயர்கள், யார் யாருக்கு முன் மாணாக்கராய் அமர்ந்தனர் என்று கேட்டுப் பார்த்தாற் போதும்.