பாசல் வகுப்பறையும் பாமினி எழுத்தும்

தொழில்நுட்பம் கலையை மாற்றியமைக்கிறது என்ற வசனம் இல்லாத பல்கலைக்கழகக் கையேடு இன்று இல்லை எனலாம். அதையே ஒரு பட்டப்பின் படிப்பாக, 'படைப்புத் தொழிற்றுறைகள்' என்ற தலைப்பின் கீழ், சுவிஸிலும் படிக்க முடிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு முதுமாணி வகுப்பில் இருந்தேன். அங்கு வரலாறாகச் சொல்லப்பட்ட ஒன்றையும், அதே ஆண்டுகளில் அதே நாட்டில் நம்மவர் மத்தியில் நடந்து அங்கு சொல்லப்படாமற் போன இன்னொன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தச் சொற்றொடர் பற்றி. 'படைப்புத் தொழிற்றுறைகள்' என்பது 1998இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசு விளம்பரம் முதல் கணனி விளையாட்டு வரை பதின்மூன்று துறைகளை ஒரே கூடைக்குள் போட்டுக் கணக்கெடுத்தபோது பரவலான பெயர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 'கலாசாரத் தொழிற்றுறை' என்று எழுதியபோது அது ஒரு வசைச்சொல்லாக இருந்தது. வசை எப்படிப் பெருமையாகியது என்பது தனிக் கட்டுரைக்குரியது. நாஸிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் தஞ்சம் புகுந்திருந்த அவ்விருவரின் அந்த நூல் 1944இல் முதலில் வெளிவந்தது றோனியோப் பிரதியாகத்தான். அச்சுப் புத்தகமாக அது 1947இல் அம்ஸ்ரர்டாமில் வந்தது. அகதிகளின் எழுத்து எந்தக் கோலத்தில் முதன்முதலில் வெளியே வருகிறது என்பது நமக்குப் புதிதல்ல.

சுவிஸில் எழுத்துக்கலை என்றால் எல்லோரும் பாசலைத்தான் காட்டுவார்கள். உலகெங்கும் பெயர்ப்பலகைகளில் நாம் காணும் ஹெல்வெற்றிகா எழுத்து, 1957இல் பாசலை அடுத்த முன்சென்ஸ்ரைன் என்ற ஊரிலிருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்துக்காக மக்ஸ் மீடிங்கர் வரைந்தது. அப்போது அதற்கு வேறு பெயர். 1960இலேயே ஹெல்வெற்றிகா ஆயிற்று. அதே 1957இல், இன்ரர்லாக்கனுக்கு அருகே பிறந்த அட்ரியான் ஃப்ருற்றிகர் பாரிஸில் யூனிவேர்ஸ் எழுத்தை வெளியிட்டார். பாசல் தொழிற்கலைப் பாடசாலையில் எமில் றூடரும் ஆர்மின் ஹொவ்மனும் கற்பித்தார்கள். 1968இல் அங்கு ஒரு மேற்படிப்பு வகுப்பு ஆரம்பமானது. ஏற்கெனவே வேறெங்கோ படித்து முடித்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் அதற்கு வந்தார்கள். இன்றைய முதுமாணிப் படிப்புக்கு அதை ஒரு மூதாதை எனலாம்.

அவ்வகுப்பில் எழுத்தமைப்பைக் கற்பித்தவர் வொல்ஃப்காங் வைன்கார்ட். ஜேர்மனியில் ஈய எழுத்துக் கோர்க்கும் தொழிலைப் பழகிவிட்டு வந்தவர். றூடரின் ஒழுங்கை நன்கு அறிந்துகொண்டே அதை உடைத்தார். எழுத்துகளுக்கிடையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டார். வரிகளைப் படிக்கட்டுப் போல இறக்கினார். 1970களில் ஒளிப்படச் சுருள்களை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரொட்டிகள் செய்தார். 1980களின் நடுப்பகுதியில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் கணனி அந்த வகுப்பறைக்குள் வந்தது. அவரிடம் 1970-71இல் படித்துச் சென்ற ஏப்ரல் கிறெய்மன் என்ற அமெரிக்கப் பெண், 1986இல் ஒரு சஞ்சிகையின் முழு இதழையும் தன் உடலின் ஆளுயரப் படமொன்றாகவே கணனியில் செய்து மடித்துக் கொடுத்தார். ஈயம், படச்சுருள், கணனி என்ற இந்த மூன்று படிகளையும் ஒரே ஆசிரியரின் வகுப்பறை கண்டது. அதனால்தான் தொழில்நுட்பமும் கலையும் என்ற பாடத்துக்கு பாசல் எப்போதும் முதல் உதாரணம். வைன்கார்ட் 2005 வரை கற்பித்தார், 2021இல் காலமானார்.

பாசல் ஐரோப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடம் என்றும் சொல்லிவிட முடியாது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஹொவ்மன் 1965இல் போய்க் கற்பித்தார். அந்நிறுவனத்தின் மகேந்திர பட்டேல் ஃப்ருற்றிகருடன் சேர்ந்து தேவநாகரிக்கு நவீன அச்சு வடிவம் தேடினார். சுவிஸ் எழுத்துக்கலைக்கும் இந்திய மொழிகளுக்கும் இப்படியொரு பாதை இருந்தது. ஆனால் 1980களில் தமிழர்கள் அகதிகளாக பாசலுக்கே வந்து, வைன்கார்ட்டின் வகுப்பறையிலிருந்து சில ட்ராம் தரிப்புகள் தள்ளிக் குடியிருந்தபோது அந்தப் பாதை அவர்களின் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

அந்த வீடுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? பகலில் உணவகச் சமையலறையிலும் ஆஸ்பத்திரிச் சலவையறையிலும் வேலைசெய்தவர்கள் இரவில் சஞ்சிகை செய்தார்கள். சுவிஸிலிருந்து மனிதம், ஜேர்மனியிலிருந்து தூண்டில், நோர்வேயிலிருந்து சுவடுகள் என்று பெயர்களை அடுக்கலாம். சிலவற்றின் முதல் இதழ்கள் கையெழுத்தில் வந்தன. பிறகு தட்டச்சு. தலைப்பைக் கையால் வரைந்து, கத்தரித்து, பசை பூசி ஒட்டி, போட்டோக்கொப்பி எடுத்து, நடுவில் கம்பி அடித்துத் தபாலில் போடுவார்கள். எங்கள் வீட்டு மேசையிலும் இது நடந்தது. சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு முத்திரை ஒட்டும் வேலை.

தமிழ்த் தட்டச்சின் கதையே யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த முத்தையாவிடமிருந்து தொடங்குகிறது. 1886இல் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன அவர் தமிழ் விசைப்பலகையை வகுத்தார்; இயந்திரம் ஜேர்மனியில் செய்யப்பட்டது. மெய்யெழுத்து அடிக்க முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். புள்ளி விழும், உருளை நகராது. பிறகு எழுத்தை அடித்தால் அதன் கீழ் வந்து உட்காரும். தமிழைக் குறைந்த விசைகளுக்குள் அடக்க அவ்வளவு யோசனை தேவைப்பட்டது.

மக்கின்ரோஷும் விண்டோஸும் வந்தபோது ஒரு புதிய வசதி கிடைத்தது. எழுத்துருக் கோப்பொன்றில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ'வை வரைந்து வைத்துவிட்டால் கணனி அதைக் கண்டுபிடிக்காது. தான் ஆங்கிலம் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டு தமிழைக் காட்டும். ஈழத்தவர் மத்தியில் மிகப் பரவலாகப் புழங்கிய பாமினி இந்த வழியில் வந்ததுதான். இடது கைச் சின்னிவிரலில் ய, அடுத்து ள, ன, க என்று தட்டச்சு இயந்திரத்தின் இடங்களையே அது வைத்துக்கொண்டது. புள்ளியை மட்டும் எழுத்துக்குப் பின்னால் அடிக்க வேண்டும். ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி: திரையில் 'தமிழ்' என்று வரும். பாமினி இல்லாத கணனியில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். தொண்ணூறுகளில் நாம் எழுதியவற்றில் ஒரு பெரும்பகுதி இப்படி ஆங்கிலமாக வேடம் போட்டுத்தான் சேமிக்கப்பட்டது.

இதிலிருந்து வெளியேறும் வழிகளில் ஒன்றும் சுவிஸில்தான் உருவானது. அதைச் செய்தவரும் வடிவமைப்புப் படித்தவரல்லர். லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 தைப்பொங்கலன்று பழைய நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் முதன்மையானவர். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கொரு ஒழுங்கு வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து வகுத்த 'திஸ்கி' குறியீட்டிலும் அவருக்குப் பங்குண்டு. அந்த விவாதத்தின் சிக்கல் சுவையானது. கணனியில் இருந்தவை 256 இடங்கள். ஆங்கிலமும் கூடவே வேண்டுமென்றால் பாதியை அதற்கு விடவேண்டும், மிஞ்சுவது 128. தமிழெழுத்து 247. உயிர் 12, ஆய்தம் ஒன்று, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர ஊகார வடிவங்கள் 36 என்று கூட்டினாலே 85 ஆகிவிடும். இன்னும் கொம்பும் காலும் விசிறியும் கிரந்தமும் நிற்கின்றன. எதைத் தனியெழுத்தாக வைப்பது, எதை ஒட்டிச் சேர்ப்பது என்பது எழுத்தின் அழகைத் தீர்மானிக்கும் கேள்வி. அதைத் தீர்த்தவர்கள் இரசாயனவியலாளரும் பொறியியலாளரும் ஆவர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. எழுத்துக்கலைப் பாடசாலைகள் எதுவும் அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை, தாமாக வரவுமில்லை. 1999 மாசியில் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு வேறு குறியீடுகளை ஏற்றது. 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்த யூனிகோட் பின்னர் எல்லாவற்றையும் விழுங்கியது.

புகலிடச் சஞ்சிகைகளின் எழுத்தமைப்பை என் ஆய்வுக்கு எடுக்கப்போகிறேன் என்றபோது கருத்தரங்கில் ஒரு கேள்வி வந்தது: 'இது வடிவமைப்பு வரலாறா, குடிபெயர்வுச் சமூகவியலா?' அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நமது சஞ்சிகைகளில் பெரும்பாலானவை பார்வைக்கு அழகானவையல்ல. வைன்கார்ட் கத்தரியால் வெட்டி ஒட்டினார், எங்கள் மாமாமாரும் வெட்டி ஒட்டினார்கள், ஆகவே இரண்டும் ஒன்று என்று வாதாடுவது வெறும் உணர்ச்சி. அவர் ஒழுங்கை அறிந்து மீறினார். நம்மவருக்குக் கையில் கிடைத்ததே கருவி.

ஆனால் தொழில்நுட்பம் படைப்பை எப்படி உருவாக்குகிறது என்பதே பாடமென்றால், இந்த வேறுபாடு நமது சஞ்சிகைகளுக்குச் சாதகமாகவே நிற்கிறது. பாசலில் இயந்திரத்தை எதிர்த்து நிற்கப் பயிற்சி பெற்ற கண் இருந்தது. அதனால் அங்கு பக்கத்தில் தெரிவது இயந்திரமா, வைன்கார்ட்டா என்று பிரித்துச் சொல்வது கடினம். நமது பக்கங்களில் இயந்திரத்தின் பழக்கம் தடையின்றி அப்படியே இறங்கியிருக்கிறது. ஒரு சிறு உதாரணம்: தமிழ் அச்சில் எழுத்தைச் சாய்க்கும் மரபு பழையதல்ல. தொண்ணூறுகளின் சஞ்சிகைகளைப் புரட்டுங்கள், கவிதை என்றால் சாய்வெழுத்து. மக்கின்ரோஷின் பட்டியலில் சாய்வு, தடிப்பு, வெளிக்கோடு, நிழல் என்று வரிசையாக இருந்தன. தடிப்பு தலைப்புக்குப் போனது, நிழல் அட்டைக்கும் அஞ்சலிப் பக்கத்துக்கும் போனது, சாய்வு கவிஞர்களிடம் வந்து சேர்ந்தது. கவிதை உரைநடையிலிருந்து வேறான ஒரு குரல் என்று கண்ணுக்குச் சொல்ல அந்த ஒரு கட்டளை போதுமாயிருந்தது.

இன்னொன்று, எழுத்து நடையையே தொட்டது. பத்திரிகையைப் பார்த்துப் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தார்கள். 'போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்' என்பதுபோன்ற சொல் ஒடுங்கிய பத்தியில் அடங்காது. கணனிக்கோ தமிழ்ச் சொல்லை எங்கே முறிப்பதென்று தெரியாது. சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மேல்வரியை இழுத்து நிரப்பும். நடுவில் வெள்ளை வாய்க்கால் ஓடும். எங்கள் மேசையில் இதற்கு அம்மா கண்ட வழி சொற்களைப் பிரித்து அடிப்பது. 'போய்க் கொண்டு இருந்த போது எல்லாம்'. எழுதியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இரண்டு மூன்று இதழுக்குப் பின் அவர்களே பிரித்து எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். புகலிட எழுத்தின் வசனம் குறுகியதற்கு அரசியற் காரணங்களும் இலக்கியக் காரணங்களும் சொல்லப்படுகின்றன. பத்தியின் அகலத்தையும் அந்தக் காரணங்களோடு சேர்க்கவேண்டும் என்பது என் வாதம். கருத்தரங்கில் அதிகம் பேசப்பட்டதும் இந்த அத்தியாயந்தான். ஜேர்மன்மொழியும் நீண்ட கூட்டுச்சொற்களின் மொழியாதலால் அவர்களுக்கு உடனே விளங்கியது.

ஆதாரம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பல இதழ்களைப் படியெடுத்து வைத்திருப்பதால் பக்கங்களைப் பார்க்க முடிகிறது. ஆனால் பக்கத்தை அடுக்கியவர் பெயர் அநேகமாக எந்த இதழிலும் இல்லை. எழுதியவர்களே புனைபெயரில் ஒளிந்திருந்த காலம். ஊரில் உறவினர் இருந்தார்கள், இங்கு தஞ்ச வழக்கு முடியாமலிருந்தது. ஜேர்மன்மொழி ஆய்வேட்டின் அடிக்குறிப்பு முறையோ ஒவ்வொரு படத்துக்கும் வடிவமைத்தவர் பெயரைக் கேட்கிறது. நான் 'பெயர் அச்சிடப்படவில்லை' என்று அறுபதுக்கும் மேற்பட்ட தடவை எழுதினேன்.

அப்படித் தேடியதில் தட்டச்சு செய்த மூன்று பெண்களைச் சந்தித்தேன். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் இருபது வருடம் சலவையறையில் வேலைசெய்தவர். பேரனின் கணனியில் தமிழ் அடிக்கத் தனக்குத் தெரியாது என்றார். அதில் இருந்தது ஆங்கில ஒலியைக் கொண்டு அடிக்கும் முறை. 'அம்மா' என்று எழுத 'ஏ' எங்கே என்று தேடவேண்டும். பாமினி இடங்களை வைத்த யூனிகோட் விசைப்பலகையை இறக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னோடு கதைத்துக்கொண்டே, தன் பழைய சஞ்சிகையின் ஆசிரியர் தலையங்கம் ஒன்றை ஞாபகத்திலிருந்து முக்கால் பக்கம் அடித்தார். சொற்களையெல்லாம் பிரித்துப் பிரித்தே அடித்திருந்தார்.