காணாமல் போன கோப்பும் மாவு மில்லும்: ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேரன் சிங்காநல்லூர் வந்திருக்கிறான். பரண் மேல் கிடந்த அவன் மாமாவின் பழைய கம்ப்யூட்டர் சாமான்களைக் கிளறியதில், 2005-ஆம் வருடத்துக் கார் ரேஸ் விளையாட்டு ஒன்று சிக்கியது. தன் லேப்டாப்பில் ஏற்றினான். திறந்ததும் ஒரு சின்னக் கட்டம்: "டி3டிஎக்ஸ்9" என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு ஒன்றைக் காணவில்லையாம்.

"அப்பச்சி, ஓட மாட்டீங்குது. நெட்ல அந்த ஒரு ஃபைலை மட்டும் சும்மாவே குடுக்கறாங்க. எறக்கிப் போட்டுரட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு, கையை எடு!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பையன் பயந்தே போனான். ஏன் அப்படிக் கத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு. முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு கல்வெட்டைப் பார்த்தால் முதலில் இது எந்தக் காலத்தது என்று கேட்போம். இந்தப் பிழைச் செய்தியிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். காலம் தெரிந்தால் கோப்பு எங்கே போனது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் காலம், டாஸ் காலம். கறுப்புத் திரை, ஃப்ளாப்பி. "பிரின்ஸ் ஆஃப் பெர்சியா" 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது, அடுத்த ஆண்டு டாஸுக்கு வந்தது. 1.44 மெகாபைட் ஃப்ளாப்பிகளில் கைமாறிய இந்த மாதிரி விளையாட்டுகள் தமக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்திருந்தன. சவுண்டு கார்டோடு பேசும் வேலையைக்கூட விளையாட்டே பார்த்துக்கொண்டது. ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்தால் போதும், எங்கேயும் ஓடும்.

இரண்டாம் காலம் 1995-இல் தொடங்குகிறது. ஆகஸ்டில் விண்டோஸ் 95, செப்டம்பரில் டைரக்ட்எக்ஸ். இங்கேதான் டிஎல்எல் என்பது விளையாட்டுக்காரர்களுக்குப் பெரிய விஷயமாகிறது. அது என்ன என்று பேரனுக்கு மாவு மில்லை வைத்துத்தான் விளக்கினேன். எங்கள் சின்ன வயதில் வீட்டுக்கு வீடு திருகை இருந்தது. தெருமுனையில் மாவு மில் வந்ததும் திருகை திண்ணைக்கு அடியில் போய்விட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மில் இருக்கும்போது வீட்டுக்கொரு கல் எதற்கு? டிஎல்எல் என்பது அந்த மில். படம் வரைய, சத்தம் எழுப்ப என்று பல நிரல்களுக்கும் பொதுவான வேலையை ஒரே கோப்பில் வைத்துவிட்டால் இடமும் நினைவகமும் மிச்சம். நல்ல யோசனைதான்.

ஆனால் அரிசியோடு வேறு ஊருக்குக் குடிபோகிறீர்கள். அந்த ஊரில் மில் இல்லை. வீட்டில் திருகையும் இல்லை. அன்றைக்கு மாவு கிடைக்காது. "கோப்பைக் காணவில்லை" என்பதன் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

பொது மில்லால் வேறொரு வம்பும் வந்தது. புது நிரல் ஒன்று தனக்கேற்ற டிஎல்எல்லைப் பழையதன் மேல் எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய இன்னொரு நிரல் படுத்துவிடும். கணினிக்காரர்கள் இதற்கு "டிஎல்எல் நரகம்" என்றே பெயர் வைத்தார்கள். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, வெவ்வேறு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ள வழி செய்தது.

மூன்றாம் காலம் பென் டிரைவ் காலம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. பிள்ளைகள் படித்தார்கள், கூடவே விளையாட்டும் கைமாறியது. முறையாக இன்ஸ்டால் செய்தால், விளையாட்டோடு வரும் அமைவு நிரல் தேவையான பொதுக் கோப்புகளையும் சேர்த்து நிறுவும். பென் டிரைவில் ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டால் அந்த வேலை நடக்காது. டாஸ் காலத்துப் பழக்கத்தை விண்டோஸ் காலத்தில் செய்ததன் விளைவு அது.

இனி வைத்தியம். காணாமல் போகும் கோப்புகள் மூன்று வகை.

1. விளையாட்டின் சொந்தக் கோப்பு. "வைஸ் சிட்டி" கேட்கும் எம்எஸ்எஸ்32.டிஎல்எல் இந்த வகை. மைல்ஸ் சவுண்ட் சிஸ்டம் என்ற ஒலி மென்பொருளின் கோப்பு அது. விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பி அரைகுறை, அல்லது ஆன்டிவைரஸ் பிடித்து ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆன்டிவைரஸின் ஒதுக்கல் பட்டியலைப் பாருங்கள். பூட்டு உடைத்த திருட்டுக் காப்பி என்றால் அது பிடித்தது சரியாகவும் இருக்கலாம். அசல் பிரதியிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்வதே வழி.

2. பொதுக் கோப்பு. என் பேரனுக்கு வந்தது இது. "என் லேப்டாப்பில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்குதே" என்றான். இருந்தும் பயனில்லை. 2005 முதல் 2010 வரை வந்த டி3டிஎக்ஸ்9 வரிசைக் கோப்புகள் புது விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. அவற்றை மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பாக, அவர்கள் சொந்தத் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். அதே போல எம்எஸ்விசிபி100 அல்லது எம்எஸ்விசிஆர்100 என்று கேட்டால், அது விஷுவல் சி++ 2010 தொகுப்பு. உங்கள் கணினி 64 பிட் ஆனாலும் பழைய விளையாட்டு 32 பிட் என்றால் எக்ஸ்86 என்று குறித்ததைத்தான் போட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

3. விண்டோஸே கைவிட்டது. டைரக்ட்பிளே என்ற பகுதி விண்டோஸ் 8 முதல் தானாக இயங்குவதில்லை. கண்ட்ரோல் பேனலில் "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பட்டியலைத் திறந்து, "லெகசி காம்பொனன்ட்ஸ்" என்பதற்குள் அதை டிக் செய்தால் வந்துவிடும். சில பழைய சிடிக்களின் சேஃப்டிஸ்க் என்ற பூட்டை விண்டோஸ் 10 ஏற்பதே இல்லை. டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. அவற்றுக்கு 2002 முதல் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் உண்டு. பழைய விளையாட்டுகளைப் புதுக் கணினிக்குச் சரிசெய்து விற்கும் ஜிஓஜி என்ற தளமும் 2008 முதல் நடக்கிறது.

பேரன் அந்த ஜூன் 2010 தொகுப்பைப் போட்டான். பத்து நிமிடத்தில் கார் ஓடியது.

இப்போது நான் கத்தியதன் காரணம். சில வருடங்களுக்கு முன் நானும் இதேபோல ஒரு பழைய செஸ் விளையாட்டுக்காக, யாரோ நடத்தும் ஒரு தளத்திலிருந்து ஒற்றை டிஎல்எல் கோப்பு ஒன்றை இறக்கிப் போட்டேன். மறுநாள் காலையில் கணினியில் எந்தப் படமும் திறக்கவில்லை. கோப்புகளின் பெயர் வால் எல்லாம் மாறியிருந்தது. பணம் கட்டினால் திறப்போம் என்று ஓர் ஆங்கிலக் கடிதம். போனது என்ன தெரியுமா? மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நொய்யல் ஓரம் கொடுமணலுக்கும், இங்கே பக்கத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூருக்கும் போய்வந்த படங்கள். பத்து வருடப் படங்கள். வேறு பிரதி நான் வைக்கவில்லை. வீட்டு மோட்டாருக்குக் கண்டென்சர் போனால் தெருவில் கிடப்பதை எடுத்து மாட்டாத ஆள் நான். கணினியில் மட்டும் அதைச் செய்துவிட்டேன்.

உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டார். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்கள் அடுக்கி வரும் இடத்தில், கையிலிருந்த ஏட்டில் சில அடிகள் விடுபட்டிருந்தன. அவர் ஊகித்து நிரப்பவில்லை. இன்னொரு மடத்து ஏட்டுக்கட்டில் தேடி எடுத்தார். வேறு இடத்தில் ஒரு பிரதி இருந்ததால் அந்தப் பூக்கள் நமக்குக் கிடைத்தன. டி3டிஎக்ஸ்9 கோப்புக்கும் உலகம் முழுக்கப் பிரதி இருக்கிறது, அதைச் செய்தவரிடமே கேட்டு வாங்கலாம். என் படங்களுக்கு அப்படி இல்லை.

இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுப் பேரன் கேட்டான்: "அப்பச்சி, அந்தப் படத்தை யாருக்குமே காப்பி போட்டுக் குடுக்கலீங்களா?" அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு மூன்று செட் பிள்ளைகளுக்கு சிடியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, கொடுமணலுக்கு என்னோடு வந்த பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணில், பீரோவில், அம்மா வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் அந்த சிடி இருக்கிறதா என்று ஒரு நடை பாருங்கள். கிடைத்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைப்பதாகப் பேரன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.