பம்பரும் கீறலும்

போன வாரம் மகனுடைய காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டேன். பின் பம்பர் மூலையில் நாலு விரல் அகலத்துக்குக் கீறல். "பரவாயில்லைப்பா" என்றான். ஆனால் மறுநாள் சாவி வழக்கமான ஆணியில் இல்லை. எழுபது வயதுக்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? அந்த வருத்தத்தில் யோசித்ததுதான் இது.

முட்டினால் வண்டியைக் காப்பதற்கென்றே வைத்தது பம்பர். நம் காலத்து அம்பாசிடர், பியட் வண்டிகளில் அது தனியே துருத்திக்கொண்டு நிற்கும் இரும்புப் பட்டை. மேலே குரோமியம் முலாம். நெளிந்தால் கழற்றி, டிங்கர் கடையில் அடித்து நிமிர்த்தி மாட்டிவிடுவார்கள். துரு ஒன்றுதான் அதற்கு எதிரி.

அமெரிக்காவில் பான்டியாக் ஜிடிஓ காருக்கு 1968-ல் வண்டியின் நிறத்திலேயே ஒரு முன் பம்பர் வந்தது. அமுங்கினால் மீண்டுவிடும். 1972-ல் பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது. நம் ஊர்க் கார்களிலும் வர்ணம் பூசாத பிளாஸ்டிக் பம்பர் வந்தது. உரசினாலும் அவ்வளவாகத் தெரியாது. பிறகு அழகுக்காகப் பம்பருக்கும் வண்டியின் நிறத்தையே பூசினார்கள். அடி வாங்கப் பிறந்ததற்குப் பட்டுச்சட்டை போட்ட கதை!

கீறல் விழுந்தால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் காயம் மேல் பூச்சில்தான். ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெல்லத் தேய்த்தால் போதும். பல நேரம் அது கீறலே அல்ல, சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால்தான் வேலை அதிகம். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் லேசில் ஒட்டாது. வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, பிறகே வர்ணம், அதன்மேல் கிளியர் கோட். இரும்புக்குப் போடும் பட்டியை அப்பினால், பம்பர் வளையும்போது வெடித்து உதிரும்.

காம்பவுண்ட் வாங்கிவந்து பழைய பனியன் துணியால் அரைமணி நேரம் தேய்த்தேன். தூணின் வெள்ளை எல்லாம் போய்விட்டது. நகம் மாட்டுகிற இரண்டு கோடுகள் மட்டும் மிச்சம். மகன் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான்.

இன்று காலை சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கவில்லை. முதலில் தூணில் ஒரு பழைய டயரைக் கட்டவேண்டும்.