வக்கீலும் பாரிஸ்டரும்

'வக்கீல்' என்பது அரபுச் சொல். ஒருவருக்குப் பதிலாக நின்று காரியம் பார்ப்பவர் என்று அதற்குப் பொருள். இன்று வழக்காடும் எவரையும் மக்கள் வக்கீல் என்றே அழைக்கின்றனர். ஆனால், முன்னாளில் சென்னை மாகாணத்தில் அது ஒரு தனி வகுப்பாரின் பெயராக இருந்தது. அவர்க்கு மேலும் ஒரு படி இருந்தது, கீழும் இருந்தது.

1862-ல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றுமுன் அங்கே இருவகை மன்றங்கள் இயங்கின. சென்னை நகருக்கு ஆங்கில முறையில் அமைந்த சுப்ரீம் கோர்ட்டு. ஜில்லாக்களின் மேல்முறையீடுகளுக்குச் சதர் அதாலத்து. முன்னதில் பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும், பின்னதில் வக்கீல்களும் தொழில் நடத்தினர். மன்றங்கள் ஒன்றானபோது மூவகையினரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். உரிமைகள் மட்டும் ஒன்றாகவில்லை.

பாரிஸ்டர் சீமையில் பயின்று வந்தவர். மன்றத்தில் நின்று வாதாடுவதே அவர் வேலை. கட்சிக்காரரைக் கண்டு, ஆதாரங்களைத் திரட்டி, வழக்கை உருவாக்கித் தருபவர் அட்டர்னி. வக்கீலோ உள்நாட்டில் சட்டம் கற்று இரு பணிகளையும் தாமே ஆற்றியவர். ஜில்லா, முன்சீப் கோர்ட்டுகளில் வாதாடியவர் பிளீடர். 1879-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களோடு முக்தியார்களுக்கும் வருவாய் ஏஜெண்டுகளுக்கும் விதி வகுத்தது.

கப்பலேறிப் படிக்கப் பொருள் வேண்டும். ஆகவே, அறிவு அளக்க வேண்டிய இடத்தைப் பணம் அளந்தது. எனினும் சென்னை வக்கீல்கள் தம் திறத்தால் உயர்ந்தனர். அவர்களுள் ஒருவரான பாஷ்யம் ஐயங்கார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அட்வகேட் ஜெனரல் பதவியையும் வகித்தார்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை பிளீடர் தேர்வில் தேறி, ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்குக் கட்டணமின்றி வாதாடியவர். 1908-ல் ராஜநிந்தனை வழக்கில் தண்டனை பெற்ற அவர் சன்னதையும் இழந்தார். 1912-ல் விடுதலையானபின் வறுமை வாட்டியது. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வழக்காடும் உரிமை என்பது ஒரு குடும்பத்தின் சோறாகவும் இருந்ததை இது காட்டும்.

1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டம் வேற்றுமைகளைக் குறைத்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 'அட்வகேட்' என்ற ஒரே வகுப்பை இந்தியா முழுதும் நிறுவியது. இங்கிலாந்தில் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்ற பிரிவு இன்றும் நீடிக்கிறது.

மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டப்படி இரு பணிகளும் ஒருவருக்கே உரியன. 'பெகுவம்பெலா டான் பெகுவம்சாரா' என்ற மலாய்ப் பெயரில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. ரிங்லெட் தோட்டத் தொழிலாளி ஒருவர் வீட்டுப் பத்திரம் எழுதவும், மகனுக்கு ஜாமீன் கேட்கவும் ஒரே வழக்கறிஞரை நாடலாம்.

பட்டப் பெயர்களின் படிகள் இவ்வாறு ஒழிந்தன. கட்டணம் என்னும் படி மட்டும் எஞ்சியுள்ளது. அதில் ஏற இயலாதார்க்கென்றே இந்நாட்டில் 1971-ல் சட்ட உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. அன்று ஒட்டப்பிடாரத்துப் பிளீடர் தனியொருவராய்ச் செய்த தொண்டை இன்று அரசும் தன் கடமையாக ஏற்றிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை தமக்கு உண்டெனத் தொழிலாளர் அறிந்திருத்தல் வேண்டும்.