சிறப்பு மன்றங்களும் தேயிலையின் பெயரும்

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தே, மஸ்கெலியாவுக்கு அப்பால் உள்ள நல்லதண்ணியைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அங்கு கொய்யப்படும் கொழுந்து சட்டத்தின் முன் இரண்டாகப் பிரிகின்றது: ஒன்று உழைப்பு, மற்றையது பெயர். உழைப்புப் பற்றிய பிணக்கும் ‘சிலோன் டீ’ என்னும் பெயர் பற்றிய பிணக்கும் வெவ்வேறு சிறப்பு மன்றங்களைச் சேர்கின்றன. அவற்றின் தோற்றத்தை ஒருங்கு வைத்து ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலாவது, தொழில் நியாயசபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தைத் திருத்திய, 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தோற்றுவித்தது. வேலைநீக்கப்பட்ட தொழிலாளி தானாகவோ தொழிற்சங்கத்தின் வாயிலாகவோ இதனை நாடலாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதிகள் இதனைக் கட்டுப்படுத்துவதில்லை. நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்குவதே இதன் கடமை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயிருந்த காலம் அது. எனினும் நியாயசபை வந்தவர் பிரசையா என வினவவில்லை. தொழிலாளியா என்றே வினவியது. இஃது அச்சபையின் வரலாற்றுச் சிறப்பெனலாம்.

இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழி கொழும்பில் அமைந்த வர்த்தக மேல் நீதிமன்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் எழும் வழக்குகளையும் இதுவே விசாரிக்கின்றது. இப்போக்கு உலகளாவியது. இலண்டனில் 1990இல் காப்புரிமைக்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது. தாய்லாந்தில் 1997இல் புலமைச் சொத்துக்கும் பன்னாட்டு வணிகத்துக்குமான மத்திய நீதிமன்றம் அமைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003இல் செயற்படத் தொடங்கிய மேன்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட, அதன் பணி உயர் நீதிமன்றங்களைச் சேர்ந்தது. விரைவும் துறையறிவுமே இவை யாவற்றுக்கும் கூறப்படும் நியாயங்கள். அவற்றை நாம் மறுக்கவில்லை.

ஆயின் இரு மரபுகளின் வேறுபாடு கருதத்தக்கது. 1957இன் சிறப்பாக்கம் நடைமுறையை எளிதாக்கி, எளியோருக்கு வாயிலைத் திறந்தது. 1996இன் சிறப்பாக்கம் வணிக வழக்குகளை விரைவுபடுத்தும் பொருட்டு அவற்றைத் தலைநகரில் ஒருமுகப்படுத்தியது. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட, முற்றிலும் இலங்கைத் தேயிலையாலான பொதிகளுக்கே உரியது. அதனைக் காக்க நிபுணத்துவ மன்றம் உண்டு. அப்பெயருக்கு மதிப்பீட்டிய கைகளோ அம்மன்றத்தில் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

இன்று தோட்டங்கள் சிலவற்றில் மின்னணுத் தராசு கொழுந்தை நிறுக்கின்றது. அதன் பதிவில் ஐயம் எழுமாயின் அது தொழில்நுட்பப் பிணக்கா, தொழிற் பிணக்கா? முன்னதெனக் கொண்டு அதனைக் கொழும்பின் வழக்குப் பட்டியலிற் சேர்ப்பின், ஒருநாட் பெயரைத் துறந்து அங்கு செல்லக்கூடிய தொழிலாளி எத்தனை பேர்? புதிய சிறப்புப் பட்டியல்களை வகுப்போர் துறையறிவை 1996இன் மரபிலிருந்தும், வாயிலின் அகலத்தை 1957இன் மரபிலிருந்தும் பெறுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.