தை மகமும் ஒரு வாத்தியாரும்



ஓய்வுக்குப் பிறகு பனிக்கால விடியலில் பள்ளி மணிக்கு ஓடும் வேலையில்லை. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நம் ஜெகந்நாதப் பெருமாள் கோயில்வரை நடை. (இந்தக் குளிருக்கு மஃப்ளரா என்று வீட்டில் கேலி.) தை மகம் நெருங்கினால் திருமழிசை ஆழ்வார் நினைவுதான்.

பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன் எடுத்து வளர்த்த பிள்ளை அவர் என்கிறது குருபரம்பரைக் கதை. நான்முகன் திருவந்தாதியில் 96, திருச்சந்த விருத்தத்தில் 120 பாசுரங்கள் தந்தவர்.

எனக்குப் பிடித்தது காஞ்சிக் கதை. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டு விரட்டினான். குருவான ஆழ்வாரும் சீடனோடு கிளம்பிவிட்டார்! அவர் சொல்ல, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். மாற்றல் உத்தரவு வந்தால்தான் ஊர் மாறுவோம், நாம் பார்த்த வாத்தியார்கள்.

மூவரும் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்பார்கள். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்பினார்கள். அங்கே பெருமாளுக்குப் பெயரே ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’. காஞ்சி போனால் பாருங்கள், இடது கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்.