டாய்லெட் என்றால் துணி!

குளிக்கிற சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பல சோப்புகளில் பொடி எழுத்தில் "டாய்லெட் சோப்" என்று போட்டிருப்பார்கள். முகத்தில் தேய்க்கிற சோப்புக்கு இப்படி ஒரு பெயரா? சென்ட் பாட்டிலிலும் இதே கதைதான், "ஓ டி டாய்லெட்".

உண்மையில் பழைய அர்த்தத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது சோப்பும் சென்ட்டும்தான். மாறிப்போனது நாம்!

பிரெஞ்சில் 'துவால்' என்றால் துணி. 'துவாலெத்' என்றால் சின்னத் துணி. (நம்ம துவாலைக்கும் இதற்கும் உறவு இல்லை, அது போர்ச்சுகீசியர் கொடுத்த சொல்.) 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, உடைகளைச் சுற்றி வைக்கிற துணிக்குத்தான் இந்தப் பெயர். பிறகு ஒப்பனை மேசை மேல் விரிக்கிற துணி டாய்லெட் ஆனது. அப்புறம் அதன் மேல் இருந்த சீப்பு, பவுடர் டப்பா எல்லாம். அப்புறம் அந்த மேசை. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அலங்காரம் செய்துகொள்ளும் வேலைக்கே டாய்லெட் என்று பெயர் வந்துவிட்டது.

1743 வாக்கில் வில்லியம் ஹோகார்த் வரைந்த ஓவியத் தொடர் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் நான்காவது படத்தின் பெயர் 'தி டாய்லெட்'. பயப்படாதீர்கள்... ஒரு சீமாட்டிக்கு முடி அலங்காரம் நடக்கிறது, ஒருவர் பாடுகிறார், இன்னொருவர் புல்லாங்குழல் வாசிக்கிறார், விருந்தாளிகள் சாக்லேட் பானம் குடிக்கிறார்கள். அலங்காரம் நடக்கும்போதே விருந்தினரை வரவேற்பது அன்றைய மேல்தட்டு நாகரிகம்.

19ஆம் நூற்றாண்டில் உடை மாற்றும் அறைக்கும் இந்தச் சொல் போனது. அமெரிக்காவில் அந்த அறையோடு குளியல், கழிப்பிட வசதிகள் சேர்ந்தன. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட விஷயத்துக்கு நாகரிகமான ஒரு சொல் கிடைத்தது; பிடித்துக்கொண்டார்கள். 'லாவட்டரி'யும் இப்படித்தான், கழுவுகிற இடம் என்பதுதான் அதன் மூலப்பொருள். ஒரு சொல் கொஞ்ச நாளில் நாறிப்போகும், உடனே இன்னொன்றைத் தேடுவார்கள்.

இங்கிலாந்தில் இதில் வர்க்கமும் புகுந்தது. 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் மேல்தட்டினர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன்படி மேல்தட்டு 'லாவட்டரி பேப்பர்' என்கிறது, மற்றவர்கள் 'டாய்லெட் பேப்பர்' என்கிறார்கள். நாகரிகமாகப் பேச நினைத்து டாய்லெட் என்று சொன்னால், அதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்!

நாம் மட்டும் என்ன? கொல்லைக்கு, வெளிக்கு, பாத்ரூம், ரெஸ்ட்ரூம்... போகிற இடம் ஒன்றுதான். இதில் பாவப்பட்ட சொல் 'கக்கூஸ்'. கொச்சை என்று முகம் சுளிக்கிறோம், ஆனால் அதுவும் ஐரோப்பியச் சொல்தான். டச்சு மொழியில் 'கக்' மலம், 'ஹவுஸ்' வீடு. நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போனது 1658இல். சிங்களத்திலும் இதே சொல் 'கக்குஸ்ஸிய' என்று இருக்கிறது. டச்சுக்காரனுடையது கெட்ட வார்த்தை, பிரெஞ்சுக்காரனுடையது நல்ல வார்த்தை என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வேடிக்கை இல்லாத பக்கமும் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள், சுத்தம் செய்கிறவர்களை மட்டும் மாற்றவில்லை. மலத்தைக் கையால் அள்ள வைப்பதைத் தடுக்க இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. அதற்குப் பிறகும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களைப் பற்றி 2017இல் திவ்யபாரதி ஆவணப்படம் எடுத்தார். 'கழிப்பறை' என்றோ 'டாய்லெட்' என்றோ அவர் பெயர் வைக்கவில்லை. படத்தின் பெயர் 'கக்கூஸ்'.